வீட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த மாத்திரை

சிறைச் சோற்றைத் தின்றால் கௌரவம் போய்விடும் என்று நம்பிய மடையன் நான். பிலிமத்தலாவையில் பக்கத்துக் கடைக்காரரோடு கைகலந்து ரிமாண்டுக்குப் போனேன். மனைவி சாப்பாடு கொண்டுவருவாள் என்று சீனி வியாதி மாத்திரையை முதலிலேயே விழுங்கிவிட்டேன். மண்சரிவில் பாதை மூடியதால் அவள் வரவில்லை. சிறையில் கொடுத்த சோற்றை வேண்டாமென்று தள்ளிவிட்டு, கதவுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை வேலை செய்து உடம்பில் சீனி இறங்கிவிட்டது; கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருண்டது.

விபத்து வழக்கில் வந்திருந்த திகன ஊர் லொறி சாரதி, சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியை நீட்டினார்.

“எனக்குச் சீனி வருத்தம், நானா!” என்று அந்த அண்ணனைத் தடுத்தேன்.

“மவுத்தாகிச் செத்தா வருத்தமும் போயிரும். குடிங்க!”

குடித்தேன், பிழைத்தேன்.

இப்போது தட்டு முன்னால் வந்த பிறகே மாத்திரையைத் தொடுகிறேன்.

நான் பிழைத்ததற்கு மறுநாள், பாதை திறந்ததும் வந்த மனைவி சொன்னாள்: “ஜெயிலுச் சோறு திங்க வெக்கம். சண்டை போட்டு ஜெயிலுக்கு வர மட்டும் வெக்கமில்ல!”