அப்பாவின் பராமரிப்பு

மண்ணெண்ணெயில் நனைந்த பழைய பனியன் துணியின் வாடை எங்கேனும் எழுந்தால், சிதம்பரத்தில் தேர்வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தும், அங்கே தலைகீழாக நிறுத்திய சிறிய மிதிவண்டியின்முன் குந்தியிருந்த என் அப்பாவும், அவருக்காகச் சக்கரத்தைச் சுற்றிக்கொடுத்த செல்வியும் நினைவுக்கு வருவார்கள். செல்வி, அப்பாவின் இரண்டாம் குடும்பத்து மகள், எனக்கு இளையவள்.

அப்பாவைப் பிரிந்த அம்மாவும் நானும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாய்மாமன் வீட்டில் இருந்தோம். நீதிமன்றத் தீர்ப்பில் "ஜீவனாம்சம்" என்று எழுதியிருந்ததை அம்மா "மெயின்டனன்ஸ்" என்பாள். மாமா "புள்ள செலவு" என்பார். தபாலில் அனுப்பிவிடுவதாக அப்பா சொன்னதற்கு மாமா உடன்படவில்லை. "பெத்த புள்ள மொகத்தப் பாத்துட்டுக் குடுக்கட்டும்" என்று மாதந்தோறும் என்னைப் பேருந்தில் அழைத்துப் போவார். அப்பா ஒருமுறையும் காக்கவைத்ததில்லை. வாசலிலேயே பண உறை ஆயத்தமாக இருக்கும். கூடவே எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். குறைசொல்ல இடமில்லாத அந்த ஒழுங்கை நான் வெறுத்தேன். செல்விக்கு உறை கிடையாது. அவள் வண்டியின் சங்கிலியைத்தான் அப்பா கண்ணி கண்ணியாகத் துடைத்து, தேங்காயெண்ணெய் விட்டு, நடுவே "மெதுவா சுத்துடி கழுத, கை மாட்டிக்கும்" என்று வைவார். என்னை அவர் ஒருநாளும் வைததில்லை. அந்தக் "கழுத"க்காக நான் ஏங்கியதை எவரும் அறியார்.

ஓர் ஆடி மாதத்தில் என் வண்டியின் சங்கிலியும் கழன்று கழன்று விழத் தொடங்கியது. தெருமுனைக் கடையில் கொடுக்க நான் விடவில்லை. "ஒரு செயினுக்குச் செதம்பரமா? ஒங்கப்பன் என்ன கப்பலா கட்டுறான்?" என்று கேலி செய்த மாமா, என் அழுகைக்கு இளகி, வண்டியைப் பேருந்தின் கூரையில் ஏற்றினார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை, சக்கரத்தை எந்தப் பக்கம் நின்று சுற்றிக்கொடுப்பது என்பதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

செல்விதான் முதலில் ஓடிவந்து பெடலைச் சுழற்றிப் பார்த்தாள். "ரொம்ப லூசா இருக்குதுக்கா. எங்கப்பா ஒரு நிமிசத்துல பண்ணிடுவாரு."

அப்பா எழுந்து வந்தார், வண்டியைத் தொடவில்லை. உள்ளே போய் உறையில் இன்னுமொரு ரூபாய்த் தாளைச் சேர்த்துவந்து, "நல்ல கடையா பாத்துக் குடுத்துடுங்க மச்சான். புதுச் செயினே போட்டுடட்டும்" என்றார்.

"தாராளந்தான் ஒங்களுக்கு" என்றார் மாமா.

அந்தக் குத்தல் அப்பாவுக்குத் தைத்ததோ இல்லையோ, அறியேன். புதுச் சங்கிலியோடு வண்டி நன்றாகவே ஓடியது.

இன்று பேருந்துக் கூரையில் மிதிவண்டி ஏற்றுவார் இல்லை. சந்தில் அப்பா இருந்த ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது. அம்மாவும் மாமாவும் போய்விட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்த அப்பா செல்வியின் பராமரிப்பில் கிடக்கிறார். பெற்றோரைப் பேணச் சொல்லவும் இப்போது சட்டம் உண்டு. அதைக் காட்டி என்னை அழைப்பார் எவருமில்லை. சென்ற மாதம் நானே போனேன்.

"கொஞ்ச நாளு நான் கூட்டிட்டுப் போறேன் செல்வி. நீயும் படுத்துத் தூங்கு."

அப்பாவின் தாடையில் சோப்பு நுரை தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "எங்கேக்கா? வேற யாரு தொட்டாலும் கத்துறாரு. என் கையிதான் பழக்கமாயிடுச்சி. எனக்கு ஏது விடிவு?"

அது வெறும் சலிப்புத்தான். அவள் கண்களின்கீழ்க் கருமை படர்ந்திருந்தது. ஆயினும், அந்தச் சலிப்பையும்கூட அவள் எனக்குப் பங்கு தராமல் தானே வைத்துக்கொண்டாள் என்றே என் மனம் புழுங்கியது.