வாளித் தண்ணீரில் வந்த கேமரா

1. வாளி

வெள்ளம் வடிந்த நான்காம் நாள், மூடி போட்ட பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் என் கடை மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி. தண்ணீர் போடுகிற ஆள் என்று நினைத்து, "நான் தண்ணி கேக்கலையே" என்றேன். அவர் வாளியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே, தெளிந்த தண்ணீரில், ஒரு வீடியோ கேமரா மூழ்கிக் கிடந்தது.

தூத்துக்குடியில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருபத்திரண்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தவள் நான். அதை மூடிய பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஓர் அறை எடுத்து, பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன். டிவிக்குள் பல்லி, விசிஆருக்குள் இட்லித் துண்டு என்று எல்லாம் பார்த்தாயிற்று. கேமராவை ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான்.

"இத யாரு தண்ணிக்குள்ள போட்டது?"

"நான்தான் போட்டேன்."

"வெள்ளத்துல நனைஞ்சது பத்தலையாக்கும்?"

அவர் பெயர் தொம்மை. புன்னைக்காயல்காரர். மீன்பிடி வள்ளங்களின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். நான் கிண்டல் செய்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

"எஞ்சின் கடல்ல விழுந்துட்டுன்னா, எடுத்த உடனே நல்ல தண்ணியில முக்கி வச்சிரணும்க்கா. பிரிக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ளதான் கிடக்கணும். ஈரத்தோட காத்து பட்டா துரு புடிச்சிரும். பேட்டரியக் கழத்திட்டுத்தான் போட்டிருக்கேன்."

"இது எஞ்சின் இல்ல அண்ணாச்சி, கேமரா. உள்ள கேசட்டு வேற இருக்கு. இத முதல்ல காய வைக்கணும்."

"உப்புத் தண்ணிக்கு எஞ்சின் என்ன, கேமரா என்ன?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் தொழிலை எனக்கே சொல்லித் தர வந்துவிட்டாரே என்று இருந்தது. இருந்தாலும், கேசட்டில் என்ன இருக்கிறது என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். போனில் எதையோ டைப் செய்து என் பக்கம் திருப்பினார்.

"என் சத்தம் இதுலதான் இருக்கு."

அவர் பெயர் ரீத்தம்மாள். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம். எட்டு வருடம் ஆகிறது. கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் இருந்தது பட்டன் போன். கல்யாண வீடியோ உண்டு, ஆனால் அதில் முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள். கப்பலில் வேலை பார்த்த ரீத்தம்மாளின் தம்பி கொடுத்த இந்தக் கேமராவில் ஒரு கோயில் திருநாள் அன்று தொம்மை கொஞ்ச நேரம் படம் பிடித்தார். அதோடு கேசட் கதவு சிக்கிக்கொண்டது. கேமரா பீரோவுக்குள் போய்விட்டது. பேசுகிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது யார் அதைத் தேடப் போகிறார்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று நினைத்து நினைத்து நாள் போனது. கடைசியில் ஆறும் கடலும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டன.

ரீத்தம்மாள் மறுபடி டைப் செய்தார். "எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துட்டு."

2. மொட்டை மாடி

அன்று காலையில்தான் நாசரேத்து ஊர் வாத்தியார் ஒருவரின் கேசட்டுகள் இரண்டைக் கழுவி, மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்துக் காயப் போட்டிருந்தேன். அவர் மகளின் கல்யாண கேசட்டுகள், இதே வெள்ளத்தில் நனைந்தவை. அவற்றோடு இதையும் போடுகிறேன் என்று கையை வாளிக்குள் விட்டேன். தொம்மை குறுக்கே வந்து நின்றார்.

"பிரிக்கும்போது எடுங்கக்கா. அது வரைக்கும் இப்படியே கிடக்கட்டும். தெனம் தண்ணிய மட்டும் மாத்திருங்க. நல்ல தண்ணியா பாத்து ஊத்துங்க."

ரீத்தம்மாள் மூடியை எடுத்துத் தானே அழுத்தி மூடினார். கடையில் வரிசையாக வேலை கிடந்தது. எப்படியோ போங்கள் என்று வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரீத்தம்மாளிடமிருந்து மெசேஜ். "தண்ணி மாத்தியாச்சா?" அதற்கு மறுநாளும் அதே ஏழு மணி, அதே கேள்வி. கரண்ட் பில் கட்டச் சொல்லி வருகிற மெசேஜ்கூட இவ்வளவு கறாராக இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே மாற்றினேன்.

மூன்றாம் நாள் மாடிக்குப் போய் வாத்தியாரின் கேசட்டுகளை எடுத்து வந்தேன். சுக்காகக் காய்ந்திருந்தன. ரீலை விரலால் சுற்றிப் பார்த்தேன், நகரவில்லை. டேப் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டது. லேசாகப் பிரித்தால் மேல்பூச்சு உரிந்து அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டது. படம் என்பதே அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. இரண்டாவது கேசட்டும் அதே கதி.

"வெள்ளத்துல போயிட்டு சார்" என்று வாத்தியாரிடம் போனில் சொன்னேன்.

"நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். தொம்மை என் முன்னால் நின்று காற்றுப் படக்கூடாது என்று சொன்ன நேரத்தில் இந்த இரண்டு கேசட்டும் மாடியில் இன்னும் ஈரமாகத்தான் இருந்தன. ஓடிப்போய் எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

3. கிரீஸ்

மறுநாள் அவர்களை வரச் சொல்லி, அவர்கள் கண் முன்னால் கேமராவை வாளியிலிருந்து எடுத்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்மூடியை எடுத்தேன். கேசட்டிலிருந்து டேப்பை வெளியே இழுத்து டிரம் என்கிற உருளையில் சுற்றிவிட ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அது செத்துப்போயிருந்தது. இந்த நிலையில் கேசட்டைப் பிடித்து இழுத்தால் டேப் அறுந்துவிடும். மோட்டாரின் பல்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் டேப் தானாக டிரம்மை விட்டு இறங்கும். ட்வீசர் முனையால் சுற்றினேன். சக்கரம் அசையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் கறுப்பாக, களிமண் போல் ஏதோ அடைத்திருந்தது.

"இது என்ன?"

தொம்மை ஜன்னல் பக்கம் பார்த்தார். "அன்னைக்கு அந்தக் கதவு கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு. லேசா கிரீஸ் வச்சேன்."

"என்ன கிரீஸ்?"

"எஞ்சினுக்கு வைக்கது தான்."

ரீத்தம்மாள் திரும்பி அவரைப் பார்த்தார். ஓட்டைக் கேமராவைத் தலையில் கட்டிவிட்டான் என்று இத்தனை வருடம் தொம்மை அவர் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போனை எடுத்து நீளமாக ஒன்று டைப் செய்தார். அதை எனக்குக் காட்டவில்லை, அவருக்கு மட்டும் காட்டினார். தொம்மை படித்துவிட்டு, "சரி, சரி" என்றார்.

பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு, டேப்பில் படாமல், ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். சக்கரம் முதலில் கால் சுற்று அசைந்தது, பிறகு ஒரு சுற்று. டேப் டிரம்மை விட்டு இறங்கியது. தொங்கிய பகுதியை ரீலைத் திருப்பி உள்ளே வாங்கினேன். கேசட் கையில் வந்தது. தொம்மை அப்போதுதான் மூச்சே விட்டார்.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அலசினேன். கேசட் கூட்டைப் பிரித்து, டேபிள் ஃபேன் காற்றில், நிழலில், ஒரு ரீலிலிருந்து இன்னொரு ரீலுக்குக் கையால் சுற்றினேன். பிறகு திருப்பிச் சுற்றினேன். ஒன்றரை நாள் இதே வேலை. டேப் எங்கேயும் ஒட்டவில்லை. நனைந்த டேப்பை வேலை தொடங்கும் வரை நல்ல தண்ணீரிலேயே வைத்திருங்கள், ஒருபோதும் வெயிலில் போடாதீர்கள் என்று இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஏதோ நானே கண்டுபிடித்தது போலச் சொல்லிவிடக் கூடாது. ஓர் எஞ்சின் மெக்கானிக் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் நாசரேத்து வாத்தியாருக்குப் போன் செய்தேன். "வெள்ளம் கெடுக்கல சார். நான்தான் வெயில்ல போட்டுக் கெடுத்துட்டேன்." அவர் போனை வைத்துவிட்டார்.

4. இரண்டு நிமிடம்

டேப்பைப் புதுக் கூட்டில் மாட்டி, ஓடுகிற இன்னொரு கேமராவில் போட்டேன். ரீத்தம்மாள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தொம்மை, "எனக்குப் படபடன்னு வருது" என்று சொல்லிவிட்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் முதலில் வெறும் கட்டங்கள். படம் உடைந்து உடைந்து வந்தது. சத்தமும் விட்டுவிட்டுக் கொரகொரவென்று கேட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவ்வளவுதானோ என்று நினைத்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஆறு நிமிடம் போல் ஓடியதும் படம் உடையாமல் நின்றது. ஓர் அடுக்களை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். கேமரா நெருங்கவும் அவள் திரும்பினாள்.

ரீத்தம்மாள் உட்கார்ந்திருந்த அமைதியைப் பார்த்து, மெல்லிய குரலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல்.

"இங்கேரும், அந்தக் கருமத்தக் கீழ வச்சிட்டு வந்து தேங்காயத் திருவித் தாரும். ஆளு வார நேரமாச்சு."

"இந்தா வாரேம்ளா" என்றார் தொம்மை, வெளியே படியிலிருந்து.

ஒரு நொடி தள்ளி டேப்பிலிருந்தும் அதே பதில் வந்தது. "இந்தா வாரேம்ளா."

தொம்மை உள்ளே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ரீத்தம்மாள் அழவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். கழுத்துத் துணி வழியாகக் காற்று மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது. சிரித்து முடித்து எனக்கு டைப் செய்து காட்டினார்.

"அன்னைக்கும் வாரேன்னுதான் சொன்னாரு. வரல. நான்தான் திருவுனேன்."

இரண்டு நிமிடம் போல் சுத்தமாக வந்தது, பிறகு மறுபடி கட்டங்கள். அந்த இரண்டு நிமிடத்தை நாலு தடவை போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு போனில் எழுதி, இந்தத் தடவை கணவரிடம் நீட்டினார். அவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"சண்டைக்காரி மாதிரில்லா பேசியிருக்கேன்."

படித்துவிட்டு, "மாதிரி என்ன மாதிரி?" என்றார்.

போனைக்கொண்டே அவர் கையில் ஓர் அடி விழுந்தது. பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது, அடுத்த ஆளைப் பார் என்பதுதான் என் வழக்கம். முப்பது வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். வேலை எப்போது முடிந்தது என்று சொல்ல வேண்டியவள் நானில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ரீத்தம்மாள் என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை என்று ஒரு விரலைக் காட்டினார். போட்டேன்.