கழுத்து லைட்டு

"டப்பாவுல எழுதியிருக்கிறத வாசிச்சுட்டா லைட்டு வாங்கத் தெரிஞ்சிருமாக்கும்?"

கேட்டவர் மாமா, அம்மாவின் அண்ணன். நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. அப்பா காய்கறி லாரியில் லோடுமேனாகக் கேரளா போய்வருகிறவர். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். ஆகவே பெரிய முடிவெல்லாம் மாமாவிடம்தான் போகும். எட்டு போதும், பூப்பறிக்க ஆள் கிடைக்காத காலத்தில் இருக்கிற ஆளை எதற்குப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "பூப்பறிக்க லைட்டு வாங்கணும்ண்ணே. இவளையே பாத்து வாங்கச் சொல்றேன். சரியா வாங்கிட்டா மேல படிக்கட்டும்" என்றாள். அதற்குத்தான் மாமா அப்படிக் கேட்டார், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

எங்களுடையது மல்லித் தோட்டம். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே பறிக்க ஆரம்பித்தாக வேண்டும். அம்மாவும் அப்பாவின் தங்கையான அத்தையும் ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்று பறிப்பார்கள். ஒருவர் விட்ட மொட்டு மற்றவர் கண்ணில் படும். இரண்டு கையும் செடியில் இருப்பதால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். தாடை வலிப்பது ஒருபக்கம். அதைவிடப் பெரிய கஷ்டம், அத்தனை நேரம் பேசாமல் இருக்க வேண்டியது. வண்டி வந்து பூவை ஏற்றிப்போன மறுநிமிடமே இரண்டு பேரும் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டுவார்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரர் நெற்றியில் பட்டை போட்டுக் கட்டுவது, கிளிப் வைத்தது, கழுத்தில் மாட்டுவது என்று வரிசையாக எடுத்துப் போட்டார். கழுத்தில் மாட்டுகிற விளக்குக்குப் பாம்புக் கழுத்து போல இரண்டு கைகள். எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைத்தபடியே நின்றன. அம்மா அதை வளைத்து வளைத்துப் பார்த்தாள். டப்பாவில் ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து புத்தகம் வாசிக்கிற படம் இருந்தது. கீழே இருந்த ஆங்கிலத்தை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"இது புஸ்தகம் படிக்கிறதுக்கும்மா. தோட்டத்துக்கு ஆகாது."

"எங்க வச்சுப் பாக்கப் போறீங்க பாப்பா?" என்று கடைக்காரர் கேட்டார். எதையோ தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்து நான் பதிலே சொல்லவில்லை. எல்லா டப்பாவையும் திருப்பி, வெளிச்சத்தின் அளவில் எந்த எண் பெரியது என்று பார்த்தேன். நெற்றி லைட்டில்தான் இருந்தது. ராணி மாதிரி விரலை நீட்டி, "இதுல ரெண்டு" என்றேன்.

மறுநாள் விடியலில் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. சரியாக ஒரு நிமிடம்.

"ஏ மதினி, நேத்து பக்கத்துத் தோட்டத்துக்காரி என்ன சொன்னா தெரியுமா?" என்று அம்மா நிமிர்ந்தாள். அவள் நெற்றி வெளிச்சம் நேராக அத்தையின் கண்ணில் அடித்தது. "ஆத்தாடி!" என்று அத்தை நிமிர, அது அம்மாவின் கண்ணில் அடித்தது. கண்ணை மூடிய வேகத்தில் அத்தை மடியை நழுவவிட, பறித்த பூ முழுவதும் மண்ணில். போதாக்குறைக்குப் பூச்சியெல்லாம் வெளிச்சத்தைத் தேடி முகத்துக்கே வந்தது.

"பேசுனா மூஞ்சியப் பாக்காதீக மதினி!" என்றாள் அத்தை.

"மூஞ்சியப் பாக்காம என்னத்தப் பேசுறது?"

வரப்பில் நின்றிருந்த மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மருமகளே, நாளையிலருந்து நீயே பறிக்க வந்துரு. லைட்டு உன் கையில, கூடை உன் இடுப்புல!"

பள்ளிக்கூடம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு ஓடவில்லை. முதல்முறையாக, டப்பாவை விட்டுவிட்டுப் பறிக்கிறவர்களைப் பார்த்தேன். கை செடிக்குப் போகிறது, செடியிலிருந்து மடிக்கு வருகிறது, மறுபடி செடிக்கு. கண் மட்டும் மொட்டுக்கும் எதிரில் இருப்பவர் முகத்துக்கும் மாறி மாறிப் போகிறது. கண் போகிற இடமெல்லாம் வெளிச்சம் போகக் கூடாது. கை போகிற இடத்துக்கு மட்டும் போனால் போதும்.

அன்றே திண்டுக்கல் போனோம். "ஒரு நாள் கட்டுனத எப்பிடிப்பா மாத்தித் தருவ?" என்று கடைக்காரருக்காக அம்மாவே கேட்டுவிட்டு, முந்தானையால் இரண்டு லைட்டையும் துடைத்துத் துடைத்து வைத்தாள். அவர் சிரித்துவிட்டார். நேற்று அவர் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொன்னேன். செடி இடுப்பு உயரம், எதிரில் ஆள், இரண்டு கையும் வேலையில். அவர் இரண்டு கழுத்து லைட்டை எடுத்துவைத்தார். முதல் நாளே அம்மா வளைத்துப் பார்த்தது.

மறுநாள் நானே இருவருக்கும் மாட்டிவிட்டு, விளக்கின் ஒரு கையைச் செடிக்கும் ஒரு கையை மடிக்கும் வளைத்தேன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தேன், அதுவே தாராளம். முகங்கள் இருட்டில் இதமாகத் தெரிந்தன. அன்று அம்மாவும் அத்தையும் பேசிய பேச்சை எழுத ஒரு நோட்டுப் போதாது. இடையிடையே அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது. வண்டி ஹாரன் அடிப்பதற்குள் கடைசி வரிசையும் முடிந்துவிட்டது.

வரப்பிலிருந்து இறங்கிய மாமா அம்மாவிடம் போகாமல் என்னிடம் வந்தார். "மோட்டார் ரூம்ல குனிஞ்சு பாக்க இது ஆகுமா மருமகளே?"

"ஒரு கைய ஸ்டார்ட்டர் பக்கம் வளைச்சுக்கங்க மாமா."

"சரி, சரி. எனக்கும் ஒண்ணு வாங்கியா. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்சு எத்தன மணிக்கு?"

அந்த லைட்டால்தான் ஒன்பதாம் வகுப்பு போனேன் என்று பல வருடம் எல்லோரிடமும் பெருமையடித்தேன். கல்லூரிக்குச் சான்றிதழ் தேடியபோது, அம்மா வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் இரண்டு தாள் ஒன்றாகக் கிடைத்தன. ஒன்று கடையின் முத்திரையும் தேதியும் குத்திய வாரண்டி அட்டை. இன்னொன்று ரெட்டியார்சத்திரம் பள்ளியில் என்னைச் சேர்த்த சீட்டு, அடியில் அம்மாவின் கைநாட்டு. சீட்டின் தேதி அட்டையின் தேதிக்கு நான்கு நாள் முந்தியது. நாங்கள் லைட்டு வாங்கப் போன நாளில் நான் ஏற்கெனவே ஒன்பதாம் வகுப்பு மாணவி. அம்மா அண்ணனுடைய சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. அவர் தானாகச் சம்மதித்ததாக நினைத்துக்கொள்ள ஒரு வழி மட்டும் செய்து கொடுத்திருக்கிறாள்.

மின்னியல் பட்டம் முடித்துவிட்டேன். போன மாதம் மேற்படிப்புக்குக் கோயம்புத்தூரில் சேர்ந்தேன். விடுதி அறையில் பெட்டியை இறக்கி, கட்டிலில் விரிப்பும் போட்ட பிறகுதான் மாமாவுக்குப் போன் செய்து, சேரலாமா என்று கேட்டேன்.