பலகை மாறிய பொட்டு

எனக்கு வீடு திண்டிவனத்தில், லேப்டாப் பழுது பார்க்கும் கடை விழுப்புரத்தில். நடுவில் ரயில். காலையில் நின்றுகொண்டே போய், சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவேன். உட்காருவதற்காகவே கடை வைத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, உட்காரவும் விடாமல் ஷட்டர் முன்னாலேயே ஒரு அம்மா காத்திருந்தார். பக்கத்தில் காணை என்கிற ஊரில் ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவர். துண்டில் சுற்றிய லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி பிடித்திருந்தார். நாலு வருஷமாக அவர் வரைந்த மயில், மாங்காய், கொடி எல்லாம் அதற்குள்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி ஏற்கெனவே செத்தது. அன்றிலிருந்து பட்டனை அமுக்கினால் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பு.

"பாண்டியில காட்டினேண்ணா. போர்டையே மாத்தணும்னாங்க. மாத்தினா டிசைன் இருக்குமான்னு கேட்டேன், சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

அவர்கள் சொன்னது சரிதான். இப்போது வரும் லேப்டாப்கள் டிஸ்க்கைத் தாமே பூட்டிக்கொள்கின்றன. திறக்க அதே போர்டு வேண்டும், இல்லையென்றால் முழ நீளத்துக்கு ஒரு எண் வேண்டும். அந்த எண் ஏதோ ஈமெயிலில் இருக்கிறது. அந்த ஈமெயிலை ஆரம்பித்துக் கொடுத்தது ஒரு பிரௌசிங் சென்டர்; பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகமில்லை.

போர்டில் துவரம்பருப்பு அளவில் எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பு ஒன்று இருக்கும். பட்டனை அமுக்கியதும் மெஷின் முதலில் படிப்பது அதைத்தான். கரண்ட் போனதில் அதில் எழுத்து பாதியில் நின்றிருந்தது. உள்ளே இருப்பதை அப்படியே படித்து எடுத்து, கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்து, திரும்ப எழுதினால் பிழைத்துவிடும். சிப்பு கருகிவிட்டால் அந்த மெஷினுக்கே உரிய விவரமும் போகும், மயிலும் போகும்.

சிப்பில் எழுத நான் வைத்திருக்கும் கருவி கொடுப்பது மூணு புள்ளி மூணு வோல்ட். இந்தப் புதுச் சிப்புகள் தாங்குவது ஒண்ணு புள்ளி எட்டுதான். அதனால் நடுவில் வோல்டேஜைக் குறைக்கிற அடாப்டர் ஒன்றைச் செருக வேண்டும், தபால்தலை அளவில் ஒரு பச்சைப் பலகை. அதே பச்சையில், அதே அளவில், எதையும் குறைக்காமல் கம்பியை மட்டும் சேர்க்கிற இன்னொரு பலகையும் உண்டு. அடாப்டரில் பொடிப்பொடியாகப் பாகங்கள் இருக்கும், இன்னொன்று மொட்டை. பார்த்தாலே தெரியும், கண்ணாடி போட்டுப் பார்த்தால். கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவேன் என்று பயந்து, அடாப்டர் மேல் மனைவியின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். என்ன மூளைடா உனக்கு என்று என்னையே நான் மெச்சிக்கொண்டதும் உண்டு.

இதையெல்லாம் அந்தம்மாவிடமும் விளக்கினேன், பொட்டு சமாசாரம் தவிர. விளக்கிக்கொண்டே, இரண்டு பலகையும் கிடக்கும் டப்பாவைத் திறந்து, பொட்டு வைத்த பலகையைச் செருகி, கிளிப்பால் சிப்பைக் கவ்வினேன். சிப்பே இல்லை என்றது என் கடைக் கம்ப்யூட்டர். கிளிப்பை ஆட்டிவிட்டேன். இல்லை. சிப்பின் மேல் விரலை வைத்தேன். டீ கிளாஸ் சூடு.

"அண்ணா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"ஒண்ணு புள்ளி எட்டுன்னு சொன்னீங்க. அது டப்பாவுல கீற இந்தப் பலகையிலதான எழுதிக்கீது? நீங்க வேற எதையோ மாட்டிக்கினு கீறீங்களே."

ஊசியில் நூல் கோக்கிற கண். கிளிப்பைப் பிடுங்கிப் போட்டேன். டப்பா தினமும் என் பையில் வீட்டுக்கும் கடைக்கும் போய் வருகிறது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"டப்பாவுல இருந்த பொட்டைத் தொட்டியா?"

"வெயில்ல கோந்து எளகிக் கீழ விழுந்து கெடந்துச்சுங்க. எடுத்து ஒட்டி வெச்சேன்."

"எதுல?"

"பலகையிலதான். ரெண்டும் ஒண்ணாட்டம்தான கீது. நான்பாட்டுக்கு அலமாரிக் கண்ணாடியில ஒட்டிட்டுப் போயிருக்கணும். பாவம் தேடுவாரேன்னு ஒட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும். ஆமா, உங்க மூக்குக் கண்ணாடி எங்க? இங்க டிவி மேல கெடக்குதே!"

போனை வைத்துவிட்டேன். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பு ஏற்கெனவே செத்திருந்தது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். ரயிலில் நின்று வந்தவனிடம் அது இல்லை.

"தப்பு என்னுதும்மா. ஜாஸ்தி வோல்டேஜ் போயிடுச்சு. சிப்பு செத்திருக்கலாம்."

லேப்டாப் சுற்றி வந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "செத்திருக்கலாமா, செத்துடுச்சாண்ணா?"

"ஆறட்டும். பார்த்தாதான் தெரியும்."

"அப்ப பாருங்க. நான் எங்கியும் போகல. பலகைய நானே எடுத்துத் தர்றேன்."

அரை மணி நேரம் ஃபேனுக்கடியில் இருவரும் அந்தத் துவரம்பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையில் புளிசாதம் இருந்தது. எனக்குத் திறக்க மனசு வரவில்லை. பிறகு அவர் அடாப்டரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஒண்ணு. புள்ளி. எட்டு" என்று வாய்விட்டுப் படித்துக் கையில் கொடுத்தார். மாட்டினேன். திரையில் சிப்பின் பெயர் வந்தது. எனக்கு என் பெயரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பெயர் சொன்னால் மட்டும் போதாது. இரண்டு முறை படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. சிப்பின் கால்களைத் துடைத்து, கிளிப்பை மாற்றிக் கவ்வி, மறுபடி இரண்டு முறை படித்தேன். இந்தத் தடவை ஒத்துப்போனது. படித்ததைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட பகுதியைத் திருத்தி, எழுதி முடிக்கும்போது மணி நாலு.

பட்டனை அமுக்கச் சொன்னேன். கறுப்பு. கறுப்பு. இன்னும் கறுப்பு. அந்தம்மாவின் கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. இனி அந்த முழ நீள எண்ணைக் கேட்டால் முடிந்தது கதை. கேட்கவில்லை. அவருடைய பாஸ்வேர்டைத்தான் கேட்டது. அடித்தார். மயில் வந்தது, மாங்காய் வந்தது, முடிக்காமல் விட்ட ஒரு கொடியும் வந்தது.

அந்தம்மா சிரிக்கவில்லை. என் கடையில் விற்பனைக்குத் தொங்கிய பென்டிரைவ் ஒன்றை உருவிச் செருகி, மொத்தத்தையும் காப்பி போட ஆரம்பித்தார்.

"அதான் ஓடுதேம்மா. வீட்ல போய்ப் போட்டுக்கலாமே. எனக்கு ரயில் வேற இருக்கு."

"மெஷினை நம்பறேண்ணா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது முடியற வரிக்கும் நீங்க எதையும் தொடாம அப்பிடியே உக்காருங்க."

உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான்.