கோழி முழிக்காது

லூமென் என்கிற வெளிச்சக் கணக்கு பல்புக்குள் பிறக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், அது நாமக்கல்லில் என் அச்சகத்தில் பிறக்கிறது. எங்கள் பக்கம் டார்ச் லைட்டைப் பேட்டரி என்போம். பேட்டரி செய்கிற சின்னக் கம்பெனிக்காரர்கள் அட்டைப்பெட்டி அடிக்க என்னிடம் வருவார்கள். தீபாவளிக்குப் பத்தாயிரம் லூமென் என்று அடித்த பெட்டிக்குப் பொங்கலுக்கு ஐம்பதாயிரம் என்று அடித்தேன். உள்ளே இருந்தது அதே லைட்டுதான். லூமென் என்றால் என்னவென்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. ஒரு கடைக்காரர் அதை எடை என்று நினைத்துக் கையில் தூக்கியே பார்த்தார்.

இந்தக் கூத்தில் சேராத ஒருத்தி தனப்பிரியா. ராசிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவள், ஒருவன் கீழே கை கட்டி நிற்க முடியாது என்று வேலையை உதறிவிட்டு, பாகங்களை வாங்கிப் பேட்டரி பூட்டுகிற ஷெட் போட்டாள். கூட நாலு பெண்கள். பெட்டி மேல் தன் பெயரையே வைத்தாள். எந்தக் கடைக்குப் போனாலும் லைட்டைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடிக்கும்.

இந்த வருஷம் அவளுக்கு நேரம் சரியில்லை. சரக்கு தயாராகி நிற்கும்போது புது பல்பு வந்துவிட்டது. அளவில் பாதி, வெளிச்சத்தில் இரண்டு பங்கு. இவளுடைய சரக்கை மொத்தமாக எடுப்பவர் சேலத்து வியாபாரி சின்னண்ணன். அவர் ஒரு லைட்டைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது போன வருசத்து வெளிச்சம்மா. பொட்டியில ஒரு லச்சம் லூமென்னு போட்டுக் கொண்டா, தள்ளி உட்டர்றேன். இல்லைனா நீயே வெச்சுக்க."

அவர் எடுக்காவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் மில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவள் வருவதற்குள் நானே கம்ப்யூட்டரில் மஞ்சள் வட்டம் போட்டு, மின்னல் வைத்து, ஒரு லட்சம் என்று தயாராக வைத்திருந்தேன்.

"அழிங்ணா."

"ஊரே போடுது. நீ மட்டும் என்ன பெரிய இவளா?"

"ஊரு பேரு பொட்டி மேல இல்லீங்ணா. எம் பேரு இருக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப சரக்க ஊட்டுல வெச்சுப் பூசை பண்ணு" என்றேன். அவள் சிரித்தாள். "விக்காமயா போயிரும்? பாக்கலாமுங்ணா."

வியாபாரி வேண்டாம், கோழிப் பண்ணைகளுக்கு நேரடியாக விற்பது என்று முடிவு செய்தாள். நாமக்கல்லைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டைக்கோழிப் பண்ணைதானே. முதலில் போனது மோகனூர் பக்கம் பூவாத்தாள் என்கிற அம்மாவின் பண்ணைக்கு. பொழுது சாய்ந்து கோழிகள் அடங்கிய நேரம். ஷெட்டுக்குள் நின்று, வெளிச்சத்தைப் பாருங்கக்கா என்று பெருமையாகப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஒரு கோழி அலறியது. அடுத்த நொடி ஷெட்டே அலறியது. கூண்டுக் கம்பியில் இறக்கைகள் படபடவென்று மோதின.

"லைட்ட அணை சாமி, அணை! பயந்துச்சுன்னா நாளைக்கு முட்டை கொறைஞ்சு போயிருமல்லோ! இது என்ன பேட்டரியா, லாரி லைட்டா?"

வேறு யாராவது என்றால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பார்கள். இவள் வெளியே வந்து எனக்குப் போன் போட்டாள். "சேலத்துக்காரரு மங்கல்ங்கறாரு, கோழி கண்ணு கூசுதுங்குதுங்ணா. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

கோழி பேச்சைத்தான் கேட்டாள். செத்த கோழியையும் ஒழுகுகிற தண்ணீர்க் குழாயையும் பார்க்கப் பூவாத்தாள் தன் பழைய பேட்டரி முகத்தில் நீலச் சேலைத் துணியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவாராம். நீலத்துக்குக் கோழி அசையாது, ஆனால் துணி அவிழ்ந்து அவிழ்ந்து விழும். தனப்பிரியா லைட்டின் கண்ணாடிக்கு உள்பக்கம் நீலத் தாள் ஒட்டினாள், வெளிச்சத்தையும் குறைத்தாள். ஒரு நீலத்துக்குக் கோழிகள் முனகின, இன்னொன்றுக்குத் தலையைத் தூக்கின. அலைந்து அலைந்து, கோழிகள் ஒத்துக்கொண்ட நீலத்தோடு என்னிடம் வந்தாள்.

"பொட்டியில கோழி முழிக்காதுன்னு பெருசாப் போடுங்ணா."

"லைட்டு எரியாதுன்னு நெனைச்சுக்குவாங்க."

"நெனைக்கட்டும்."

"லூமென் வட்டம் காலியா இருக்குதே?"

"அதுல பூவாத்தாளக்கா போன் நம்பரப் போடுங்க. கேட்டுட்டேன்."

என் தொழிலில் இப்படி ஒரு பெட்டியை நான் அடித்ததில்லை. சின்னண்ணனும் கண்டதில்லை. "மங்கல்னு பொட்டியிலயே எழுதி விக்கற மொத ஆளு நீதான்" என்று கேலி பேசினார். பேசினாரே தவிர, பண்ணைக்குப் பார்க்கவும் வந்துவிட்டார். நானும் கூடப் போனேன். கையில் ஒரு லட்சம் லூமென் பேட்டரியோடு வந்தவரைப் பூவாத்தாள் வாசலிலேயே மறித்தார். "அது வெளியவே இருக்கட்டுமுங்க."

தனப்பிரியா நீல லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு வரிசை முடிந்தது, அடுத்த வரிசையும் முடிந்தது. ஒரு கோழிகூடக் கழுத்தை எடுக்கவில்லை. எப்போதும் சந்தையில் ஏலம் விடுகிற குரலில் பேசும் சின்னண்ணன் என் காதில் கிசுகிசுத்தார். "எல்லாம் உசுரோடதான் இருக்குதா?"

"பேசாதீங்க, முழிச்சுக்கும்" என்றார் பூவாத்தாள்.

வெளியே வந்ததும் சரக்கு மொத்தத்தையும் சின்னண்ணனே கேட்டு வாங்கினார். தனப்பிரியா இது நடக்கும் என்று முன்பே தெரிந்தவள்போல் செருப்பில் ஒட்டிய தீவனத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது பூவாத்தாளுக்குப் பரமத்தி, எருமப்பட்டி என்று எங்கெங்கிருந்தோ போன் வருகிறது. லூமென் எத்தனை என்று கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான். "அதெல்லாம் தெரியாதுங்க சாமி. எங்கூட்டுக் கோழி தூங்குது."

போன வாரம் இன்னொரு புது பல்பு வந்தது. மற்ற கம்பெனிக்காரர்கள் வரிசையாக வந்து பழைய பெட்டிகளைத் தூக்கிப்போடச் சொல்லி, இரண்டு லட்சம் லூமென் என்று மாற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாகத் தனப்பிரியா போன் செய்தாள்.

"அதே பொட்டி அடிங்ணா. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

பழைய பிளேட்டை எடுத்துத் துடைத்து மெஷினில் மாட்டினேன்.