உவர்த் தண்ணீரில் விடிந்த காலை

அனலைதீவில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "நித்திரை கொண்டனீங்களோ?" என்று கேட்பதில்லை. "தண்ணி அள்ளியாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். அதுவும் கேட்கிறவரின் முகம் தெரியாத இருட்டில். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த முதல் வாரத்தில், வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் ஓர் அம்மா என்னை இப்படிக் கேட்டார். இடுப்பில் குடத்தோடு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்த நான் "ஓம்" என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, கிட்ட வந்து குடத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். குடம் கணீர் என்றது. கிணற்றடிக்குப் போய், வரிசையில் நின்று, என் முறை வந்ததும் விலகி, வெறுங்குடத்தோடு திரும்பியிருக்கிறேன். "மலாயாப் பிள்ளை இன்னும் கப்பலிலதான் நிக்குது" என்று அவர் சொல்லிச் சிரித்தது, நான் வீடு போய்ச் சேருமுன்பே தீவின் மறுகரைக்குப் போய்விட்டது.

மலாயாவில், சிரம்பானில் குழாயைத் திருகிப் பழகிய என் பழைய ஊர்க்காரரான உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். இங்கே தண்ணீரில் இரண்டு சாதி. எங்கள் வீட்டு வளவுக்குள் இருக்கும் கிணற்றில் உவர்த் தண்ணீர். குளிக்க, உடுப்புத் தோய்க்க, மாட்டுக்கு வைக்க அது போதும். குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு ஒழுங்கை தாண்டி, பனங்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போகவேண்டும். இரவு முழுக்க அதில் தண்ணீர் ஊறும். சூரியன் வருமுன் அரைவாசி ஊர் வந்து அதை அள்ளிவிடும். பிந்திப் போனால் வாளியோடு வருவது கலங்கல். ஆகவே இந்தத் தீவில் காலை என்பது மற்ற ஊர்களில் நள்ளிரவுக்குச் சொந்தமான ஒரு நேரத்தில் தொடங்குகிறது. இதை யாரும் எனக்குக் கலியாணம் பேசும்போது சொல்லவில்லை.

எனக்குக் காலை ஆகாது. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானத்துக்குப் பிறகு என்னோடு வேலைக்கு நிற்க இந்த ஊரில் ஆள் குறைவு. ஆனால் காலையில் என் உடம்புதான் எழும்பும், தலை எழும்பாது. கண் திறந்திருக்கும், கேட்ட கேள்விக்கு வாய் பதில் சொல்லும், கை ஏதாவது செய்யும், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பு இருக்காது. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து நான் என்று ஓர் ஆள் உண்டாவாள்.

சிரம்பானில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அப்பா ரயில்வேயில் கிளாக்கர். குவாட்டர்ஸின் முன்வாசலில் நின்று கைகாட்டினால், எதிரே கோப்பித்தியாம் என்கிற கோப்பிக்கடை வைத்திருந்த சீனக் கிழவர் பால்டின்னில் கயிறு கட்டிக் கோப்பி அனுப்புவார். நான் படிப்பித்ததும் பின்னேர வகுப்புக்கு. காலை முழுவதும் எனக்கே எனக்கு. அடியில் தடிப்பாகத் தங்கிய டின்பாலைக் கரண்டியால் கலக்கிக் கலக்கி, நான் ஆற அமர விழித்துக்கொள்ளும்வரை உலகம் பொறுத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் சொந்தத் தங்கையின் மகனுக்கு என்னைப் பேசியபோது அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தார். "அங்கை போனால் சரிவரும்" என்று அப்பா சொன்னார். அவர் இருபது வயதில் தீவை விட்டவர். கிணற்றை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

மாமி நல்லவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகள் காலையில் தூண் மாதிரி நிற்பதைக் கண்டு அவர் கோபிக்கவில்லை, மகிழ்ந்துபோனார். மயக்கம், சோர்வு, பசியில்லை என்றால் வேறென்ன? மூன்றாம் மாதம் அயல்வீட்டு அக்கா ஒருவர் சீலைத்தலைப்பில் மாங்காய் மறைத்துக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நான் நன்றி சொல்லி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு முழுவதையும் சாப்பிட்டேன். செய்தி உறுதியாகிவிட்டது. அது உண்மையில்லை என்று தெரிந்தபோது மாமியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. வேர்க்கொம்பு என்கிற சுக்குக் கோப்பி, மல்லித் தண்ணீர், தலைக்கு எண்ணெய், எண்ணெய் வைத்தால் குளிர்மை என்று எண்ணெயை நிறுத்துதல். ஊர்காவற்றுறையில் டொக்டர் இரத்தம் குறைவு என்று ஒரு கறுப்பு மருந்து தந்தார். அது பல்லைக் கறுப்பாக்கியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. "நீர் மலாயா நேரத்திலேயே நிக்கிறீர்" என்றார் என் கணவர். மலாயா நேரம் இலங்கைக்கு முந்தியது. அந்தக் கணக்குப்படி நான் எல்லாரையும்விட முதலில் எழும்பியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதில் எனக்குத் தோன்றியது பின்னேரம்.

வீட்டில் என்னை முழுதாக விளங்கிக்கொண்டவள் என் மச்சாள் சரஸ்வதி, என் கணவரின் தங்கை. இருட்டில் நான் சட்டையின் உட்புறத்தை வெளியே போட்டு வந்தால் ஒன்றும் சொல்லாமல் இழுத்துப்போய் மாற்றிவிடுவாள். அவளுக்கு இரண்டு இடம் பேசிக் குழம்பியிருந்தது. மூன்றாவதாக எழுவைதீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மலைநாட்டில், பண்டாரவளைத் தபால் கந்தோரில் வேலை. நயினாதீவுத் திருவிழாவில் அவரை யாரோ காட்டித் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். "மச்சாள், ஆள் சிரிக்கேக்கை ஒரு பக்கத்தால சிரிக்கிறார்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். இதற்கு முந்திய இருவரைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. இது சரிவர வேண்டுமே என்று எனக்கு இருந்தது. அதோடு ஊர்வாய் ஒன்றும் இருந்தது: விடியத் தெரியாத மருமகள் வந்த வீட்டில் நல்ல காரியம் எப்படி நடக்கும் என்று கிணற்றடியில் யாரோ கேட்டிருந்தார்கள்.

சோளகக் காற்று அடிக்கிற காலம். வெயில் ஏறினால் கடல் எழும்பிவிடும் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் விடியவே வள்ளம் பிடித்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் உலகத்தில் வேறெங்கும் பின்னேரம்தான் வருவார்கள். என் தலையெழுத்து, இவர்கள் கோழி கூவும் நேரத்துக்கு வந்தார்கள்.

அன்று மாமிக்குப் பலகாரம், சரஸ்வதிக்குச் சீலை, எனக்குத் தண்ணீரும் தேத்தண்ணியும். "பித்தளைக் குடத்தை நிரப்பிக்கொண்டு வா பிள்ளை, அவ்வளவுதான்" என்றார் மாமி. நான் போனேன். நிரப்பினேன். கொண்டுவந்து குசினியில் அதன் இடத்தில் வைத்து மூடியும் போட்டேன். எங்கே போய் நிரப்பினேன் என்பதுதான் கேள்வி. கால்கள் இருட்டுக்குள் இரண்டு ஒழுங்கை நடக்க மனமில்லாமல், வளவுக் கிணற்றோடு திரும்பிவிட்டன. பித்தளைக் குடத்தில் இருப்பது நல்ல தண்ணீர் என்பது அந்த வீட்டில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல ஒரு விஷயம். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நானும் படவில்லை.

மாப்பிள்ளையும் அவர் தாயாரும் வந்து கதிரையில் இருந்தார்கள். சரஸ்வதி தட்டத்தில் தேத்தண்ணியை ஏந்திக்கொண்டு போனாள். நான் குசினியில் நின்று சட்டியில் மிஞ்சியதை ஒரு பேணியில் ஊற்றி வாயில் வைத்தேன்.

உப்பு! சீனிக்கும் பாலுக்கும் நடுவில், கடலில் விழுந்தவள் வாயில் ஏறுகிற மாதிரி உப்பு. அனலைதீவுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு காலையில் என் தலை முழுதாக விடிந்தது. குடம், கிணறு, கால்கள் நடந்த பாதை எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. கதவடிக்கு ஓடினேன். பிந்திவிட்டது. மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, பேணியை மெதுவாக இறக்கி, கதவு நிலையில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. மூன்றாவது சம்பந்தமும் போய்விட்டது என்ற களைப்புத்தான் இருந்தது. சரஸ்வதி ஒன்றும் தெரியாமல் வெறும் தட்டத்தோடு குனிந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் குடித்தார், நிறுத்தினார், திரும்பக் குடித்தார். எனக்கு அழுகை வந்தது.

மாப்பிள்ளை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பேணியை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்கோ?"

மாப்பிள்ளை தன் தாயாரிடம் திரும்பினார். "எணை, பண்டாரவளையில தேயிலைத் தோட்டத்துக்கு நடுவிலதான் இருக்கிறன். ஒருநாளாவது வாய்க்குப் பிடிச்ச தேத்தண்ணி குடிச்சனானே? தண்ணி சப்பெண்டு இருக்கும். இதெல்லோ தேத்தண்ணி!"

"எங்கட கிணத்துத் தண்ணி மாதிரியே கிடக்கு" என்றார் தாயார். எழுவைதீவில் அவர்கள் வீட்டுப் பக்கம் எல்லாக் கிணறும் உவர்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. "மற்ற இடங்களில ஊத்தித் தாறதை நான் மரியாதைக்குக் குடிக்கிறனான். எங்கட வாய் அறிஞ்சு போட்டிருக்கிறியள். ஆர் போட்டது?"

சரஸ்வதி தலையை நிமிர்த்தாமல் நின்றாள். மாமி தொண்டையைச் செருமினார். சிவபக்தர், பொய் சொல்லாதவர்.

"மருமகள் போட்டவ" என்றார். "விடிய எழும்பி, தானே தண்ணி அள்ளி."

ஒரு சொல் பொய்யில்லை. மாப்பிள்ளை ஒரு பக்கத்தால் சிரித்தார். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சீலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவர்களின் வள்ளம் போன பிறகு மாமி வந்து மிச்சத் தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினார். "தப்பினாய்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. அடுப்படியில் இருந்துகொண்டு வயிற்றைப் பிடித்துப் பிடித்துச் சிரித்தார்.

தப்பியது அன்றோடு முடியவில்லை. விடிய எழும்பி, வருகிறவர்களின் வாய் அறிந்து தேத்தண்ணி போடுகிற மலாயாப் பிள்ளையின் புகழ் எழுவைதீவிலிருந்து வள்ளம் ஏறித் திரும்ப அனலைதீவுக்கே வந்தது. கலியாணத்தன்று காலைத் தேத்தண்ணியை அந்தப் பிள்ளைதான் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். மாமி அன்று இருட்டில் என் தோளைப் பிடித்தபடி கூடவே நின்றார். ஒரு கிடாரத்தில் உவர்த் தண்ணீர், மாப்பிள்ளை வீட்டாருக்கு. மற்றதில் நல்ல தண்ணீர், எங்களுக்கு. "இது அது, அது இது" என்று அவர் என் காதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒரு தவறும் நடக்கவில்லை. சரஸ்வதி பண்டாரவளைக்குப் போய்விட்டாள், இப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள். லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்வாள்: "அங்கை நான் தேத்தண்ணிக்கு ஒரு கிள்ளு உப்புப் போடுறனான் மச்சாள். போடாட்டி அவர் குடிக்கமாட்டார். இப்ப எனக்கும் ஏலாது."

நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் காலையில் என் தலை எழும்புவதில்லை. இப்போதும் இருட்டில் நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போகிறேன், வரிசையில் நிற்கிறேன், அள்ளுகிறேன், வருகிறேன். யாரோடு என்ன கதைத்தேன் என்று பிறகு கேட்டால் தெரியாது. கால்கள் மட்டும் பாதையைப் படித்துக்கொண்டுவிட்டன. குடம் நிரம்பியிருந்தால் சரி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

போன வருடம் அம்மாவுக்குச் சுகமில்லை என்று சிரம்பானுக்கு வந்தேனே, உங்களில் பலரைக் கண்டேன். அப்போது நடந்த ஒன்றை உங்களில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா இருக்கும் அண்ணா வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த அடுத்த காலை, குசினியில் சத்தம் கேட்டு அண்ணா எழும்பி வந்து விளக்கைப் போட்டார். நான் குழாயடியில் நின்றேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் சோற்றுச் சட்டி, கேத்தல், வாளி, பிளாஸ்க், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் எல்லாம் நிலத்தில் வரிசையாக, வழிய வழிய நிரம்பி நின்றன.

"என்ன செய்யிறாய்?" என்றார் அண்ணா.

"தண்ணி அள்ளுறன்" என்றேன்.

"பைப்பில நாள் முழுக்கத் தண்ணி வருமே!"

"ஓம், தெரியும்" என்றேன். உண்மையில் அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் எனக்குக் கோப்பி போட்டார். அதே டின்பால், அடியில் அதே தடிப்பு. அனலைதீவு இருட்டில் நடக்கும்போதெல்லாம் நான் நினைத்து நினைத்து ஏங்கிய கோப்பி. ஆசையாக ஒரு வாய் குடித்தேன். இனிப்பு, மணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன; தலை மட்டும் விடியவில்லை. எட்டி உப்புப் போத்தலை எடுத்து ஒரு கிள்ளுப் போட்டுக் கலக்கினேன். அண்ணா வாயைப் பிளந்தார். "சிலோனில சீனிக்குத் தட்டுப்பாடு எண்டு பேப்பரில பாத்தனான். இந்தளவுக்கோ?" என்றார். இருவரும் அம்மா எழும்பிவிடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடிந்து, நிரம்பி நின்ற சட்டிகளைத் தாண்டித் தாண்டிக் கதவடிக்குப் போன அண்ணா திரும்பி நின்று, "சரி, எப்ப திரும்ப வீட்டை போறாய்?" என்று கேட்டார். தீவில் வள்ளம் ஏறும்போது மாமியிடம் நான் சிரம்பானை நினைத்து "வீட்டை போயிட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "இதுதானே வீடு, அண்ணா" என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் உப்புக் கரித்தது.