அறுபது அடி கேசிங்

மலை எங்கே சரியும், எங்கே சரியாது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இமயமலையில் நாலு வருஷம், நீலகிரியில் மூன்று வருஷம் என்று சுத்தியலும் கையுமாக அலைந்தவள். அப்படிப்பட்ட நான் சொந்த அக்கா வீட்டு விஷயத்தில் கோட்டை விடப் பார்த்தேன்.

அக்காவும் மாமாவும் தருமபுரியில் ஏழு வாடகை வீடு மாறியவர்கள். எட்டாவதாவது சொந்த வீடாக இருக்க வேண்டும், சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பென்னாகரம் பக்கம் மலையடிவாரத்தில் இடம் வாங்கி, சரிவை ஜேசிபி விட்டு வெட்டிச் சமன் செய்து, அஸ்திவாரத்துக்குக் கடக்காலும் தோண்டிவிட்டாள். நான் லீவில் வந்த அன்று, சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏம்புள்ள, மலை சரிஞ்சு வூட்டையே மூடிடுச்சுன்னு டிவியில காட்டறாங்களே, நம்ம மலை ஒண்ணும் பண்ணாதில்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இமயமலை இளசு, பாறையே நொறுங்கிக் கிடக்கும், ரோடு வெட்டினாலே உதிரும் என்றேன். நீலகிரியில் பாறை கெட்டிதான், ஆனால் மேலே கனத்த மண், மழையில் ஊறினால் வழுக்கிக்கொண்டு வரும் என்றேன். நம் ஊரில் பாறை பழசு, கெட்டி. மேலே மண்ணும் கொஞ்சம், மழையும் கொஞ்சம். "தொப்பூர் மலை ரோட்டுல லாரிதான்க்கா சாயும், மலை சாயாது" என்று முடித்தேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு கரண்டி கோழிக் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் அந்த இடத்தில் தண்ணீருக்குப் போர் போட வண்டி வந்தது. எங்கள் பக்கம் போர் போட்டால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, கேசிங் எத்தனை அடி என்பதுதான். மண் சரிந்து துளையை மூடாமல் இருக்க இறக்கும் குழாய் அது. பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாம் இருபது அடிக்குள் முடிந்த சமாச்சாரம். மதியம் நாங்கள் சோறு கொண்டுபோனதும், மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்த மாமா அலுத்துக்கொண்டார்.

"அறுபது அடி போயும் பாறையக் காணோம். பைப் தீந்துபோச்சு, எடுத்தாற ஆளு போயிருக்குது."

கையைக்கூடக் கழுவாமல் போர் வண்டிக்கு ஓடினேன். போர் கக்கிய குவியலில் பாறைத்தூள் துளியும் இல்லை, செம்மண்ணும் உடைகல்லும்தான். நிமிர்ந்து பார்த்தால், மேலிருந்து ஒரு காய்ந்த ஓடை நேராக எங்கள் இடத்துக்கே இறங்குகிறது. எத்தனையோ காலமாக மலை தள்ளிவிட்ட மண் இங்கே வந்து குவிந்திருக்கிறது. அதன் அடியைத்தான் ஜேசிபி வெட்டியிருக்கிறது. நாடு முழுக்க அலைந்தவள், இந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, இங்க வூடு வேணாம். அடிய வெட்டியாச்சு, மழையில ஊறுனா மேல இருக்கற மண்ணு வந்துரும்."

"நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா? உனக்கு எவன்டி வேலை குடுத்தான்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மாமாதான் சிரித்தார். "வுடு. இத்தன படிச்ச புள்ளைக்குத் தெரியாதது கேசிங் பைப்புக்குத் தெரிஞ்சிருக்குது."

அதே நிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஓடையை விட்டு விலகி ஒரு பாறை மேடு. கடப்பாரை வைத்தால் ணங்கென்று கை அதிரும். அங்கேதான் வீடு எழும்பியது. ஜன்னலில் மலை தெரிந்தது. ஆனால் ஒரு கறிவேப்பிலைச் செடி நட மண் கிடையாது. அதற்காகவே இரண்டு வருஷம் என்னைத் திட்டித் தீர்த்தாள்.

போன ஐப்பசியில் அடைமழை. நான் சிக்கிமில் இருந்தேன். மழை விட்டுப் பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"ஏம்புள்ள, அந்த வெட்டுன கரை அப்படியே வழுக்கிட்டு வந்து பழைய கடக்கால மூடிருச்சு. ஜன்னல்ல நின்னு பாத்தோம்."

"பயந்துட்டியாக்கா?"

"அன்னிக்குப் பயந்தேன். இன்னிக்கு என்ன பயம்? மண்ணு இல்ல, மண்ணு இல்லன்னு கெடந்தேன், மலையே கொண்டாந்து கொட்டிருக்குது. நானும் மாமாவும் படுக்கறதுக்குன்னு தோண்டுன ரூம்புல நாலு வாழை வெச்சிருக்கேன். அடுத்த லீவுக்கு வா, தாரோட குடுத்தனுப்பறேன்."